ஜாமீன் கிடைத்தும் உள்ளே ஏன்?

2024 அக்டோபரில் முக்கூடலில் இருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவர் பாளையங்கோட்டையில் என்னைத் தேடி வந்தார். "மந்திரி ஜாமீன்ல வந்து மறுபடியும் மந்திரியாவே ஆயிட்டாரு. எம் மவனுக்கு ஜாமீன் குடுத்து ஒரு மாசம் தாண்டிட்டு. இன்னும் வரலியே வக்கீலய்யா?"

அவர் சொன்னது செந்தில் பாலாஜியை. 2023 ஜூனில் கைது, 2024 செப்டம்பர் 26இல் உச்ச நீதிமன்றத்தில் ஜாமீன், அன்று மாலையே விடுதலை, 29ஆம் தேதி பதவியேற்பு. விசாரணை எப்போது முடியும் என்றே தெரியாமல் ஒருவரை அடைத்து வைக்கக் கூடாது என்பதுதான் ஜாமீனுக்குக் காரணம். குற்றமற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. வழக்கு இருப்பவரை அமைச்சராக்கலாமா? சட்டத்தில் தடை இல்லை. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை முதல்வரின் மனசாட்சிக்கே விட்டது. என்னைக் கேட்டால், மூன்று நாளில் பதவி கொடுத்தது தப்பு. அமைச்சருக்கு எதிராகச் சாட்சி சொல்ல எவன் துணிவான்? உச்ச நீதிமன்றமும் அதைத்தான் கேட்டது. பதவியா, ஜாமீனா என்ற நிலை வந்ததும் 2025 ஏப்ரல் 27இல் விலகினார்.

சரி, முக்கூடல் பையனுக்கு வருவோம். பம்புசெட் மோட்டார் திருட்டு வழக்கு. தடையாக நின்றது ஜாமீன்தாரர், அதாவது பையனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும் ஆள். கோர்ட்டில் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்றிருந்தார்கள், ஒருவர்கூட வரவில்லை. வீட்டுவரி ரசீதைக் கோர்ட்டில் காட்டினால் வீடே போய்விடும் என்று சித்தப்பாவுக்குப் பயம். அப்படிப் போகாது. ஆள் வாய்தாவுக்கு வராமல் ஓடினால்தான் பிணைத்தொகைக்கு அவர் பொறுப்பு.

அந்த அம்மாவுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. ஜாமீன் உத்தரவாகி ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31இல் சொன்னது இது. நடைமுறையில் யாராவது மனு போட்டு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு என் போன்றவனுக்குக் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். 15100க்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

மனு போட்டேன். ஒரு ஜாமீன்தாரர் போதும் என்று உத்தரவு வந்தது. விளக்கிச் சொன்ன பிறகு சித்தப்பாவே வந்து கையெழுத்துப் போட்டார்.

பையன் வெளியே வந்த மறுநாள் அந்த அம்மா கேட்டார்: "அப்போ கேஸு முடிஞ்சிட்டுல்லா?"

இல்லை என்று சொல்லி, அடுத்த வாய்தாத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.