டோஃபு: சோயாத் தயிரா, சோயாப் பன்னீரா, சோயாக்கட்டியா?

சோயாப் பயறை அரைத்து எடுத்த பாலைத் திரியவைத்துச் செய்யும் வெண்கட்டிதான் டோஃபு. சீன மொழியில் இதன் பெயர் தௌஃபு. 'தௌ' என்றால் அவரை, பயறு. 'ஃபு' என்று எழுதும் எழுத்துக்கு அழுகியது, கெட்டது என்று பொருள். கெட்டுப்போன பயறா என்று முகம் சுளிக்க வேண்டாம். அடுப்பில் பால் திரிந்துவிட்டால் நாமும் "பால் கெட்டுப்போச்சு" என்றுதானே சொல்கிறோம்? இங்கேயும் அந்த எழுத்து குறிப்பது திரிந்து கட்டியாவதைத்தான். ஜப்பானில் சிலருக்கு அந்த எழுத்தே பிடிக்காமல், அதே ஒலியுள்ள 'செல்வம்' என்ற பொருள் தரும் எழுத்தைப் போட்டு எழுதுகிறார்கள்.

ஜப்பானியர் வாயில் இது தோஃபு ஆனது, அங்கிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டது, ஆங்கிலம் வழியாக வந்ததால் நமக்கு டோஃபு. சீனத்திலும் ஜப்பானியத்திலும் நாக்கு பல்லைத் தொட்டுத்தான் இந்தச் சொல் பிறக்கிறது என்பதால் 'தோஃபு' என்று எழுதுவதே மூலத்துக்கு நெருக்கம், ஆனால் 'டோஃபு' நிலைத்துவிட்டது, இருக்கட்டும். கொரியாவின் துபு, இந்தோனேசியாவின் தாஹு எல்லாம் இதே சொல்லின் உறவுகள். 'சோயா'வும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். 'ஷோயு' என்ற ஜப்பானியச் சோயா சாஸின் பெயர் டச்சுக்காரர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், கடைசியில் அந்தப் பயறுக்கே பெயராகிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சோயாபீன் கர்ட்' (soybean curd) என்ற ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'சோயாத் தயிர்' என்று எழுதுகிறார்கள். இது தப்பு. தயிர் உறைவது, அதாவது உறைமோரில் உள்ள நுண்ணுயிர்கள் பாலை மெல்லப் புளிக்க வைத்து இறுக்குவது. டோஃபுவில் புளிப்பித்தலே கிடையாது, அது திரிவது. சூடான பாலில் மெக்னீசியம், கால்சியம் உப்போ புளிப்போ பட்டதும் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு நீரைப் பிரித்துவிடும். உறைதல், திரிதல் என்று இரண்டு தனிச் சொற்களை நம் மொழி வைத்திருக்கும்போது அதை ஏன் கலக்க வேண்டும்?

'சோயாப் பன்னீர்' செய்முறையளவில் சரி, ஆனால் அந்தப் 'பன்னீர்' பாரசீகச் சொல். தமிழில் பன்னீர் என்றால் ரோஜாப்பூ நீர். தவிர, பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததுமே பயந்து ஒதுக்கிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது 'சோயாக்கட்டி'. பாற்கட்டி என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, அதே அச்சில் வார்த்தது. 1770-இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனிலிருந்து எழுதிய கடிதத்தில் 'தௌ-ஃபு' பற்றிச் சொல்லும்போது, சீனாவில் பயறிலிருந்து செய்யும் பாற்கட்டி என்றுதான் விவரிக்கிறார்.

வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தால் திரிதல் என்றால் என்னவென்று கண்ணாலேயே தெரிந்துவிடும். 200 கிராம் சோயா பயறை இரவு முழுக்க ஊறவைத்து, மொத்தம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கணக்கில் அரைத்துத் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். சக்கையை எறியாதீர்கள், மாவில் பிசையலாம். பாலைக் கொதிவந்த பின் குறைந்தது 10 நிமிடம் காய்ச்ச வேண்டும், ஏனென்றால் பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. நுரை சட்டெனப் பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். பிறகு அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறி 75-80 டிகிரி செல்சியஸ் வரும்போது, மூன்று நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை ஒரு கப் தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாக ஊற்றி, மெல்ல ஒரு சுற்று கிண்டிவிட்டு மூடிவிடுங்கள். வேகமாகக் கிண்டினால் கட்டி பொடிந்துவிடும். கால் மணி நேரத்தில் மேலே வெண்கட்டியும் மஞ்சள் நீருமாகப் பிரிந்திருக்கும். எலுமிச்சையில் லேசான புளிப்பு தங்கும். அது வேண்டாமென்றால் ஜப்பானியர்கள் பயன்படுத்தும் நிகாரி இருக்கிறது, கடல்நீரில் உப்பு எடுத்த பின் மிஞ்சும் கசப்பு நீர், பெரும்பகுதி மெக்னீசியம் குளோரைடு. சமையலுக்கென்றே விற்கும் கால்சியம் சல்பேட்டும் ஆகும், அதில் கட்டி மிருதுவாக வரும்.

துணியில் கட்டி மேலே கனம் வைத்தால் கெட்டியான சோயாக்கட்டி. வடிக்காமல், அழுத்தாமல் பாத்திரத்திலேயே திரிய விட்டால் கரண்டியால் அள்ளும் பதத்தில் இருக்கும், அதை 'மென்கட்டி' என்றே சொல்லலாம்.

வறுக்கும் முன் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள், இல்லையென்றால் எண்ணெய் தெறிக்கும், மொறுமொறுப்பும் வராது. கெட்டியானதை ஒருமுறை ஃப்ரீசரில் வைத்துப் பனிக்கட்டியாக்கி, பனி இளகியதும் பிழிந்தால் உள்ளே பஞ்சு மாதிரி துளைகள் விழுந்திருக்கும், அப்புறம் எந்தக் குழம்பில் போட்டாலும் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும்.