‘ஐடி’ என்றால் வரிசை எண்ணா?

ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியில் (மென்பொருளால் உருவாக்கிய கணினியில்) புதிதாக ஒரு செயலியை, அதாவது சிபியுவைச் சேர்ப்பது பற்றிய தமிழ் விளக்கங்களில் ‘சிபியு ஐடி’யைச் ‘செயலி வரிசை எண்’ என்று எழுதுகிறார்கள். எத்தனையாவது தடவையோ, நேற்றும் ஒரு கையேட்டில் பார்த்தேன். இது தவறு. படிப்பவரைத் தப்பான இடத்தில் கை வைக்கச் செய்யும் தவறு.

‘ஐடி’ என்பது ஐடென்டிஃபையரின் சுருக்கம். ‘அதுவே’ என்று பொருள்படும் லத்தீன் ‘இடெம்’ இதன் வேர். தமிழில் அடையாளம். சொற்பிறப்பு அவ்வளவுதான்.

வரிசை எண் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? அட்டவணையின் முதல் பத்தியில் ‘வ. எண்’ என்று போட்டு 1, 2, 3 என இறங்குமே, அது. இடையில் எதுவும் விடுபடாது. செயலியின் அடையாளம் அப்படி நடப்பதில்லை. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஎமு மென்பொருளில் இரண்டு சாக்கெட் (செயலிச் சில்லு பொருந்தும் இடம்), சாக்கெட்டுக்கு மூன்று கோர் (சில்லுக்குள் தனித்து இயங்கும் பகுதி), கோருக்கு ஒரு த்ரெட் (கோர் நடத்தும் வேலை ஓட்டம்) என்று ஓர் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) மெய்நிகர் கணினியை அமையுங்கள். அங்கே செயலியின் அடையாளம் ‘ஏபிக் ஐடி’ என்ற எண். அதில் கோரைக் குறிக்க இரண்டு பிட் ஒதுக்கப்படும். இரண்டு பிட்டில் நான்கு இடம் உண்டு, கோரோ மூன்றுதான்; சாக்கெட்டுக்கு ஓரிடம் காலி. அதனால் ஆறு செயலிகளின் ஏபிக் ஐடி 0, 1, 2, 4, 5, 6 என்று வரும். ‘வரிசை எண்’ என்று படித்தவர் 3 எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பார்.

இதில் இன்னொரு சிக்கல். கியூஎமுவில் ‘சிபியு இன்டெக்ஸ்’ என்று தனியாக ஒன்று உண்டு. அது 0 முதல் 5 வரை விடாமல் ஓடும். உண்மையான வரிசை எண் அதுதான்! இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், ‘5-ஐச் சேருங்கள்’ என்பதில் எந்த 5? ஏபிக் கணக்கில் அது இரண்டாம் சாக்கெட்டின் நடுக்கோர். இன்டெக்ஸ் கணக்கில் அதே சாக்கெட்டின் கடைசிக் கோர்.

சரி, ‘அடையாள எண்’ என்கிறார்களே? ஏபிக் ஐடிக்குப் பொருந்தும். சேர்க்கும் கட்டளைக்குப் பொருந்தாது. ஒற்றை எண்ணைக் கேட்ட பழைய ‘சிபியு-ஆட்’ கட்டளை கியூஎமு 5.2-இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ‘டிவைஸ்-ஆட்’ கட்டளைக்கு, எக்ஸ்86-இல் எந்தச் சாக்கெட், எந்தக் கோர், எந்த த்ரெட் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்று எண்கள் சேர்ந்து ஓர் அடையாளம். ஐபிஎம் பெருங்கணினி வகையான எஸ்390எக்ஸில் கோர் மட்டும் போதும். ஆகவே பொதுவாகச் ‘செயலி அடையாளம்’ என்போம். ‘வரிசை எண்’ இன்டெக்ஸுக்கே இருக்கட்டும்.

கருவியைத் திறந்து பார்க்காமல் சொல்லுக்குச் சொல் வைப்பதால்தான் இத்தனை குழப்பமும். கைபேசி ஆப்பையும் செயலி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் ‘மெய்நிகர் செயலி’ என்று முழுதாக எழுதாவிட்டால் எதைச் சேர்க்கிறோம் என்பதே புரியாது. அப்புறம், ‘ஹாட்பிளக்’குக்குச் ‘சூடான செருகல்’ என்கிறார்கள். அங்கே சூடும் இல்லை, மெய்நிகர் கணினியில் செருகுவதற்கு ஒன்றும் இல்லை. கணினியை நிறுத்தாமலே சேர்க்கிறோம். ‘ஓட்டத்தில் சேர்த்தல்’ என்று எழுதுங்கள், போதும்.