212 தொடக்கம் 220 வரை

கல்லடியில் வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகும் உயர்தர மாணவன் ஒருவன் கொப்பியோடு நின்றான். "சேர், லெஜாந்தர்ட கணக்க நான் நிறுவிட்டன்."

அடுத்தடுத்த இரண்டு வர்க்க எண்களுக்கு நடுவே ஒரு முதன்மை எண்ணாவது இருக்கும் என்பதுதான் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தரின் அந்தக் கணக்கு. 9க்கும் 16க்கும் நடுவே 11, 13 இருக்கின்றன. 1912இல் எட்மண்ட் லண்டாவ் முதன்மை எண்களைப் பற்றி அடுக்கிய நான்கு தீராத கேள்விகளில் இதுவும் ஒன்று. இன்னும் தீரவில்லை.

பிள்ளை பிடித்தது மா அரிக்கும் வழி. 196க்கும் 225க்கும் நடுவே 28 எண்கள். 2ஆல் வகுபடுபவை பாதி, அவை போகட்டும். மிச்சத்தில் மூன்றிலொரு பங்கை 3 கொண்டுபோகும். அப்படியே 5, 7, 11, 13 என்று அரித்தால் (225க்குக் குறைந்த, முதன்மையல்லாத எண் எதுவும் இந்த அரிதட்டுகளில் ஒன்றிலாவது அகப்படும்) ஏறக்குறைய 5.4 மிஞ்ச வேண்டும். உண்மையில் மிஞ்சுவது 197, 199, 211, 223 என்று நான்கு. எண்கள் பெரிதாகப் பெரிதாக இந்த மதிப்பீடும் ஏறிக்கொண்டே போகிறது. "அப்ப ஆகக்குறைஞ்சது ஒண்டாவது மிஞ்சும்தானே சேர்?"

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. நானும் இருபது வயதில் இதே குழியில் விழுந்தவன்.

2, 3, 5, 7 என்ற நாலு அரிதட்டை மட்டும் எடுப்போம். மிஞ்சவேண்டிய பங்கு 35இல் 8. ஒன்பது எண்களில் ஏறக்குறைய இரண்டு எண்கள் தப்ப வேண்டும். இப்போது 212 தொடக்கம் 220 வரை எழுதிப் பாருங்கள். இரட்டை எண்களை 2 கொண்டுபோகிறது. 213ஐயும் 219ஐயும் 3, 215ஐ 5, 217ஐ 7. மிஞ்சியது பூச்சியம்.

"பாதி", "மூன்றிலொரு பங்கு" எல்லாம் நீண்ட தூரத்துக்குத்தான் சரியான கணக்கு. 2×3×5×7, அதாவது தொடர்ச்சியான 210 எண்களை எடுத்தால் சரியாக 48 மிஞ்சும், எங்கே தொடங்கினாலும். அதைவிடக் குறுகிய துண்டில் எங்கே தொடங்குகிறோம் என்பதுதான் விஷயம். ஒவ்வொரு வகுத்தலிலும் ஒன்றுக்குக் குறைந்த ஒரு சில்லறை கூடவோ குறையவோ வரும். 10000க்கும் 10201க்கும் நடுவே 200 எண்கள்தான். ஆனால் அரிக்க 100 வரையான 25 முதன்மை எண்களும் வேண்டும். 2ஆலும் 3ஆலும் வகுபடும் எண்ணை இருமுறை கழித்துவிடாதபடி சேர்த்தும் கழித்தும் எண்ணினால் 2இன் 25ஆம் அடுக்கு, 3 கோடியே 35 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்புகள். அந்தச் சில்லறைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். பெரும்பாலும் என்பதை நிறுவலில் எழுத முடியாதே!

பெரிய கணிதவியலாளர்களும் இந்தக் குழிக்குத் தப்பவில்லை. முதன்மை எண்களுக்கு இடையிலான சிறு இடைவெளிகள் பற்றி 2003இல் கோல்ட்ஸ்டனும் யில்டிரிமும் ஒரு நிறுவலை அறிவித்தார்கள். அதில் சிறிதென்று ஒதுக்கிய ஒரு வழு உறுப்பு, அதாவது இதேபோன்ற ஒரு சில்லறை, பிரதான உறுப்பின் அளவுக்கே பெரியது என்று கிரான்வில்லும் சௌந்தரராஜனும் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவர்கள் கொப்பியை மூடிவைக்கவில்லை. 2005இல் பின்ட்ஸையும் சேர்த்துக்கொண்டு வேறு வழியால் அதை நிறுவினார்கள். அந்த வழியைப் பற்றிக்கொண்டுதான் 2013இல் யிடாங் ஜாங், இடைவெளி 7 கோடியைத் தாண்டாத முதன்மைச் சோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று காட்டினார். இப்போது அந்த 7 கோடி 246 ஆகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளை வரும்போது 11ஐயும் சேர்த்திருந்தான். 114 தொடக்கம் 126 வரை, பதின்மூன்று எண்கள், ஒன்றும் மிஞ்சவில்லை.

"13ஐயும் போட்டா எவ்வளவு தூரம் போகும் சேர்?"