பாயில் படுத்துக் காலைத் தூக்கினால் ஏன் நடுங்குகிறது?

ராயபுரத்தில் இருக்கும் எங்கள் மாமா ஒரு காலத்தில் குத்துச்சண்டை பழகியவர். இப்போது 58 வயது. இன்றைக்கும் காலையில் 40 தண்டால், 60 பஸ்கி எடுத்துவிட்டுத்தான் டீ குடிப்பார். மொட்டை மாடியில் நான் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி பழகுவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள், “இன்னாடா, படுத்துக்கினு காலை ஆட்டினு கீற? இதைக் காசு குடுத்து கத்துக்கினியா?” என்றார்.

“நீயே செஞ்சு பாரு மாமா.”

மல்லாந்து படுக்க வேண்டும். இரண்டு கால்களையும் மடக்கி, நாற்காலியில் உட்கார்ந்த வாக்கில் அந்தரத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ஒரு காலை மட்டும் மெதுவாக இறக்கி, விரல் நுனியால் தரையைத் தொட்டுவிட்டு மேலே கொண்டுவர வேண்டும். இடுப்பு அசையக் கூடாது. அவ்வளவுதான். மூன்றாவது தடவையிலேயே மாமாவுக்கு அடிவயிறு உப்பியது, இடுப்பு பாயை விட்டு எழும்பியது, தொடை வெடவெடத்தது. மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பலத்துக்குக் குறைவில்லாத மனிதர். அப்புறம் ஏன் இப்படி?

முதுகெலும்பிலிருந்து தொடங்குவோம். இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் உண்டு. தசைகளை எல்லாம் நீக்கிவிட்டு, எலும்பும் அவற்றைக் கட்டும் இணைப்பு நார்களும் மட்டும் உள்ள இந்தப் பகுதியை நிறுத்திவைத்து, மேலிருந்து அழுத்திச் சோதித்திருக்கிறார்கள். சுமார் 9 கிலோ எடைக்கே அது வளைந்து சரிகிறது. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் பாதிகூட இல்லை! ஆனால் காசிமேட்டில் ஐஸ் போட்ட மீன் பெட்டியைத் தூக்குகிறவரின் இடுப்பு அதைப்போலப் பல மடங்கைத் தாங்குகிறது. தெருவில் போடும் பந்தலின் கம்பம் தன் பலத்தில் நிற்பதில்லை, நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிற்றால் நிற்கிறது. முதுகெலும்புக்குத் தசைகள்தான் அந்தக் கயிறு.

கயிறு மட்டுமல்ல, காற்றும் தண்ணீரும்கூட உதவுகின்றன. மூடி திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அழுத்திப் பாருங்கள், கல்லுபோல் இருக்கும். மூடியைத் திறந்து அழுத்தினால் நசுங்கிவிடும். வயிறும் அப்படி ஒரு பாட்டில்தான். மேல்மூடி உதரவிதானம், அதாவது நுரையீரலுக்கு அடியில் இருக்கும் மூச்சுத் தசை. அடிப்பாகம் இடுப்புத் தளத் தசைகள், அதாவது சிறுநீரை அடக்கும்போது இறுக்குகிறோமே, அவை. சுற்றுச்சுவர், பெல்ட் போலக் குறுக்கே ஓடும் உள் வயிற்றுத் தசை. பின்பக்கம் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று தைத்தாற்போல் இருக்கும் சிறு தசைகள். இந்த நாலும் சேர்ந்து இறுகினால் உள்ளே அழுத்தம் கூடி, இடுப்பு உறுதியாகிறது.

மூட்டை தூக்குகிறவர்கள் ‘ம்’ என்று மூச்சை அடக்கித் தூக்குவது இதனால்தான். பெரும் பாரத்துக்கு அது சரி. ஆனால் ஒரு பேனா எடுக்கக் குனியும்போதும் செருப்பு மாட்டும்போதும் யாரும் மூச்சை அடக்குவதில்லை. அந்தச் சின்ன வேலைகளுக்கு, மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சமாக, சரியான நேரத்தில் இறுகத் தெரிந்த தசைகள் வேண்டும். ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைக் கையைச் சட்டென்று உயர்த்தச் சொல்லிப் பார்த்தார்கள். முதுகுவலி இல்லாதவர்களுக்குக் கைத்தசை வேலை தொடங்கும் முன்பே அந்தப் பெல்ட் தசை இறுகிவிட்டது. வலி உள்ளவர்களுக்கு அது தாமதமாக இறுகியது. தாமதத்தால் வலியா, வலியால் தாமதமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் பலம் வேறு, நேரம் வேறு என்பதை அந்த ஆய்வு காட்டிவிட்டது.

இப்போது மாமாவின் காலுக்கு வருவோம். ஒரு காலின் எடை உடல் எடையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. 72 கிலோ ஆளுக்கு 12 கிலோ. அதை அந்தரத்தில் பிடிக்கும் முக்கியத் தசை ஒன்று, தொடையில் தொடங்கி மேலே போய் இடுப்பு முள்ளெலும்புகளின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. கால் கீழே இறங்க இறங்க அது முதுகெலும்பை முன்னால் இழுக்கும். அந்த இழுப்புக்கு ஈடாக வயிறு பிடித்தால் இடுப்பு அசையாது. பிடிக்காவிட்டால் முதுகு வில்லாய் வளையும். தண்டால் வேகமாக எடுக்கையில் உந்துவிசை பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மெதுவாக இறக்கும்போது அந்த உதவி கிடையாது. நடுக்கம் ஏன்? நரம்புகள் தசை இழைகளை மாற்றி மாற்றி, ஒரே சீராக இயக்க இன்னும் பழகவில்லை. முதல் சில வாரங்களில் வரும் முன்னேற்றம் பெரும்பாலும் இந்த நரம்புப் பழக்கம்தான். தசை பருப்பது அப்புறம்.

நான் இதற்குள் வந்த கதை சின்னது. தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கும்போது இடுப்பில் ‘சுளீர்’. ஒரு வாரம் படுக்கை. வீட்டுக்கு வந்த பிசியோதெரபி தங்கச்சி முதல் நாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அண்ணா, வயித்தை எக்காதீங்க. இறுக்கமான ஜீன்ஸுக்கு ஜிப் போடுறப்ப அடிவயிறு லேசா உள்ள போகுமே, அவ்ளோதான்.” ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தப்பு இதுதான். முழு பலத்தில் சிறு பங்கு இறுக்கம் போதும். எக்கினால் மூச்சு மேலே ஏறி நின்றுவிடும்.

ஆக, முதல் பாடம்: ஜமக்காளத்தை மடித்துப் போட்டுப் படுங்கள். முழங்கால் மடக்கி, பாதம் தரையில். இடுப்புக்குக் கீழே விரல்கள் நுழையும் இயல்பான இடைவெளி இருக்கட்டும், அழுத்தித் தட்டையாக்க வேண்டாம். இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உள்ளே இரண்டு விரல் வைத்து மெல்ல இருமினால் ஒரு தசை துள்ளும். மூச்சை வாங்கும்போது விலா பக்கவாட்டில் விரியட்டும். விடும்போது அந்த இடம் லேசாக இறுகட்டும். இது பிடிபட்ட பிறகே கால். சத்தமாக எண்ணிக்கொண்டே செய்யுங்கள். வாய் எண்ணும்போது மூச்சைப் பிடிக்க முடியாது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

இந்த முறையை உருவாக்கிய ஜோசஃப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர், சின்ன வயதில் ஆஸ்துமாக்காரர். முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைத்தார்கள். அங்கே நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங் கட்டிப் பயிற்சி கொடுத்தார் என்பார்கள். பெரிய ஸ்டுடியோக்களில் இருக்கும் ‘ரிஃபார்மர்’ மெஷின் அதன் வாரிசு. மெஷின் இல்லாவிட்டால் குடிமுழுகிப்போகாது. 1945-ல் வந்த அவருடைய புத்தகத்தில் 34 பயிற்சிகளும் தரையில்தான். முதல் பயிற்சி, தலையைத் தூக்கிக் கையை 100 தடவை ஆட்டுவது. புத்தகத்தில் முதலில் இருக்கிறதே என்று அதில் தொடங்கினால் கழுத்துதான் வலிக்கும்.

பிலாட்டீஸ் என்பது பொதுப்பெயர், ஒருவருக்கு மட்டும் சொந்தமான வணிக முத்திரை அல்ல என்று 2000-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போர்டில் பெயர் இருப்பதால் மட்டும் ஒன்றும் உறுதியில்லை. ஆசிரியர் எங்கே கற்றார் என்று கேட்பதில் தப்பில்லை.

மாயம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். முதுகுவலிக்குப் பிலாட்டீஸ் உதவுமா என்று பார்த்த 10 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு 2015-ல் தொகுத்துப் பார்த்தது. சும்மா இருப்பதைவிட நல்லது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்) முதுகை முன்னால் சுருட்டும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ நேரே டாக்டரிடம்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பக்கத்து மொட்டை மாடியிலிருந்து மாமாவின் குரல். “ஒண்ணு… ரெண்டு… மூணு…” அடுப்படியிலிருந்து அத்தை கத்தினார்: “காலங்காத்தால யாருக்கு இன்னா எண்ணினு கீற?”