படிவத்தில் காணாமல் போன நாடு

சுங்க முகவராக இருபது வருடமாகப் படிவம் நிரப்புகிறேன். சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று கேட்கும் ஒரு கட்டம் அதில் உண்டு. அது காலியாக இருந்தால் கன்டெய்னர் துறைமுகத்தைத் தாண்டாது, டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், நாளுக்கு நாள் ஏறும்.

2021 டிசம்பர் தொடக்கத்தில் சீனச் சுங்கத்துறையின் கணினியில், அந்தக் கட்டத்துக்கான பட்டியலில் ஐரோப்பிய நாடான லிதுவேனியாவின் பெயரே இல்லை. சில நாளில் பெயர் திரும்பியது, சரக்கு நகரவில்லை. தடை போட்டதாகச் சீனா ஒப்புக்கொள்ளவும் இல்லை. அதற்கு முந்தைய மாதம், தன் தலைநகர் வில்னியஸில் 'தைவான்' என்ற பெயரிலேயே ஒரு பிரதிநிதி அலுவலகம் திறக்க லிதுவேனியா அனுமதித்திருந்தது. தைவான் தன்னுடைய பகுதி என்பது சீனாவின் வாதம்; அதனால் மற்ற நாடுகளில் பெரும்பாலும் தைவானின் தலைநகரான 'தைபே' பெயரில்தான் பலகை வைப்பார்கள்.

லிதுவேனியாவின் ஏற்றுமதியில் சீனாவுக்குப் போனது ஏறக்குறைய 1 சதவீதம்தான். அதனால் நேரடி அடி சிறியது. அடுத்து வந்ததுதான் எனக்குக் கவலை தந்தது: லிதுவேனிய உதிரிபாகம் சேர்ந்த ஜெர்மன் பொருள்களுக்கும் சிக்கல் வந்தது. மற்ற நாட்டு முதலாளிகளை விட்டே ஒரு சின்ன நாட்டைப் பணிய வைக்கும் வழி இது.

அந்த மக்களுக்கு இது புதிதும் அல்ல. 1990 மார்ச்சில் சோவியத் ஒன்றியத்திலிருந்து சுதந்திரம் அறிவித்தார்கள். ஏப்ரலில் மாஸ்கோ எண்ணெயை நிறுத்தியது, எரிவாயுவைக் குறைத்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் துணை நிற்பது என்றால் என்ன? கண்டன அறிக்கையால் கன்டெய்னர் நகராது. சீனாவுக்குப் போகவிருந்த 20,400 லிதுவேனிய ரம் பாட்டில்களைத் தைவானின் அரசு மதுபான நிறுவனம் அப்படியே வாங்கிக்கொண்டது. ரம்மைச் சமையலில் எப்படிச் சேர்ப்பது என்றுகூட அங்கே மக்களுக்குக் குறிப்பு கொடுத்தார்கள். தேங்கிய சரக்கின் வலி தெரிந்த எனக்கு, அந்த ஒரு கொள்முதல் ஆயிரம் தீர்மானத்துக்குச் சமம்.

லிதுவேனியா உறுப்பாக உள்ள ஐரோப்பிய ஒன்றியம், சீனாவுக்கு எதிராக 2022 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. அந்த வழக்கு தீர்ப்பில்லாமலே 2025 ஜனவரியில் காலாவதியானது. உருப்படியாகக் கிடைத்தது ஒன்றியத்தின் ஒரு சட்டம்: உறுப்பு நாட்டை வர்த்தகத்தால் நெருக்கினால், நெருக்கும் நாட்டின் பொருளுக்கு வரி போடலாம், அரசு டெண்டரிலிருந்தும் விலக்கலாம். அது நடைமுறைக்கு வந்தது 2023 டிசம்பர் 27. லிதுவேனியச் சரக்கு முடங்கி அதற்குள் இரண்டு வருடம் ஆகியிருந்தது.