எச்.ஐ.வி. மாத்திரையை இடையில் விட்டால் உடலுக்குள் என்ன நடக்கிறது?

வெளியூர் சென்றபோது மாத்திரை டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டதால் 4 நாள் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. பெருகாமல் தடுக்கும் கூட்டுச் சிகிச்சை) மருந்து தவறிவிட்டது என்றும், இனி அந்த மருந்து தமக்கு வேலை செய்யாமல் போய்விடுமோ என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாள்தோறும் ஏறத்தாழ 1,000 கோடி புதிய எச்.ஐ.வி. வைரஸ்கள் உருவாகின்றன. ஏறக்குறைய 9,700 எழுத்துகள் கொண்ட தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் வசதி அந்த வைரஸின் நொதிக்கு இல்லை. ஆகவே ஓர் எழுத்து மட்டும் மாறிய வைரஸ்கள், அந்த மாற்றம் எந்த இடத்தில் நேர்வதானாலும், தினமும் பிறந்துகொண்டே இருக்கின்றன. மருந்துக்கு அடங்காத தன்மையை, அதாவது எதிர்ப்பை, உண்டாக்குவது மருந்து அன்று. ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பு வைரஸுக்கு வழி திறந்துவிடுவது, போதாத அளவில் உடலில் தங்கியிருக்கும் மருந்து. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், மூன்றையும் ஒருசேர வெல்லக்கூடிய வைரஸ் தற்செயலாகப் பிறப்பது மிக மிக அரிது என்பதால்தான் 1996 முதல் கூட்டு மருந்து நிலைபெற்றது.

ஆனால் ஒன்றாக விழுங்கும் மூன்று மருந்துகளும் ஒன்றாக வெளியேறுவதில்லை. 2004இல் இந்தியாவில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய காலத்தில் வழங்கப்பட்ட கூட்டுகளில் ஒன்றான ஸிடோவுடின், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் ஆகியவற்றைப் பார்ப்போம். மருந்தை நிறுத்தினால் முதலிரண்டின் செயல்திறனும் இரண்டு மூன்று நாள்களில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். எஃபாவிரென்ஸோ இரத்தத்தில் பாதியாகக் குறையவே 40 முதல் 55 மணி நேரம் ஆகும். அதை மெதுவாகச் சிதைக்கும் மரபணு அமைப்பு உடையவர்களிடம் இரண்டு வாரங்களுக்கு மேலும் தங்கும். நோயாளி எந்த மருந்தும் எடுக்கவில்லை என்று நினைத்திருக்கும் அந்த நாள்களில், உண்மையில் அவர் உடலில் ஒற்றை மருந்துச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. வைரஸ் நொதியின் 103ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அஸ்பராஜின் என்ற மற்றொன்று அமர்ந்தால் போதும், எஃபாவிரென்ஸ் பயனற்றுப் போகும்; அதற்கு ஓரெழுத்து மாற்றமே தேவை. மருந்து முழு அளவில் இருந்தால் இந்த வைரஸ் பெருக முடியாது. மருந்தே இல்லாவிட்டால் அதற்குத் தனிச் சலுகை கிடையாது. இடைப்பட்ட நிலையில்தான் களம் முழுவதும் அதன் கைக்குப் போகிறது. குழந்தைக்குத் தொற்றாமலிருக்கப் பிரசவ வேளையில் ஒரே ஒரு வேளை நெவிரபின் என்ற மருந்தைப் பெற்ற உகாண்டா தாய்மார் சிலரிடமும், உடலில் நெடுநாள் தங்கும் அம்மருந்துக்கு எதிர்ப்பு தோன்றியது இதே காரணத்தால்தான். எதிர்ப்பு வைரஸ் நீண்டகாலம் வாழும் சிடி4 அணுக்களுக்குள் (எச்.ஐ.வி. தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள்) பதுங்கிவிடுவதால், பல ஆண்டுகள் கழித்து அதே மருந்தைக் கொடுத்தாலும் மீண்டும் தலைதூக்கும்.

இன்று பெரும்பாலோர் எடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் அடங்கிய மாத்திரை. டோலுடெக்ராவிரை வெல்லப் பொதுவாக ஓரெழுத்து மாற்றம் போதாது. ஆகவே, வாசகர் எடுப்பது இதுவானால், 4 நாள் தவறியதால் எதிர்ப்பு வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரட்டை மாத்திரை விழுங்காமல் வழக்கமான அளவை உடனே தொடர்ந்து, ஏ.ஆர்.டி. மையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆனால் இடைவெளி வாரக்கணக்கில் நீண்டால், எந்த மருந்தானாலும் வைரஸ் அளவு மீண்டும் ஏறிவிடும். முழுக் குணம் தருவதாகச் சொல்லிச் சூரணம் விற்பவர்களை நம்பி ஏ.ஆர்.டி.யைக் கைவிடுபவர்களுக்கு நேர்வதும் இதுவே. அத்தகைய விளம்பரங்களைச் சட்டம் இன்னும் கடுமையாக நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திட்டுவார்களோ என்று அஞ்சி, மருந்து தவறியதை மறைப்பவர்கள் பலர். அவர்களைத் திட்டுவதால் பயனில்லை. இரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனைக்கும் எதிர்ப்பைக் கண்டறியும் மரபணுப் பரிசோதனைக்கும் அரசு கூடுதலாகச் செலவிடுவதே பயன் தரும். வைரல் லோடு ஒரு மில்லிலிட்டருக்கு 1,000ஐத் தாண்டினால் உடனே மருந்தை மாற்றிவிடாமல், ஆலோசனை வழங்கி, 3 மாதம் ஒழுங்காக மருந்து எடுக்கவைத்து மறுபடி பரிசோதிப்பது உலக சுகாதார அமைப்பு வகுத்த பொது நடைமுறை. எண்ணிக்கை சரிந்தால் குறை தவறிய வேளைகளில் இருந்தது என்று பொருள். சரியாவிட்டால் எதிர்ப்பு உண்டா என்று தேட வேண்டும்.