14 மாதம் கழித்து வந்த வலிப்பும் 2 வருட ஆய்வு நிதியும்

முதல் முறையாக வலிப்பு வந்தது என்று வருகிற பெரியவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எப்பவாவது தலையில அடிபட்டிருக்கா?" இல்லை என்றுதான் பலரும் சொல்வார்கள். சில வாரங்களுக்கு முன் வந்த லோடு ஆட்டோ ஓட்டுநரும் அப்படித்தான் சொன்னார். காதுக்கு மேலே முடியை ஒதுக்கிப் பார்த்தேன். கேள்விக்குறி போல வளைந்து, நெற்றி வரை ஓடியது தையல் தழும்பு.

"இதுவா? பைக்ல விழுந்தது சார். 14 மாசம் ஆச்சு. அப்பவே சரியாப்போச்சே."

அவர் மனைவி பிளாஸ்டிக் கவரிலிருந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டினார். மூளையில் ரத்தக்கட்டு, அவசர அறுவை சிகிச்சை, ஒரு வாரம் வலிப்புத் தடுப்பு மருந்து, அப்புறம் வீடு. எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. வலிப்பு வந்த அன்று அக்கம்பக்கத்தினர் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். உள்ளங்கையில் அதன் கீறல் இன்னும் ஆறவில்லை. (சாவிக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.)

தலைக்காயத்துக்குப் பின் முதல் ஒரு வாரத்துக்குள் வரும் வலிப்பு வேறு, அதைத் தாண்டி வரும் வலிப்பு வேறு. முதலாவது, அடிபட்ட மூளையின் உடனடி எதிர்வினை. இரண்டாவதுதான் காயத்தால் வரும் வலிப்பு நோய். வெளியே தோல் ஆறிவிடும், பேச்சும் நடையும் திரும்பிவிடும். உள்ளே நரம்பு இணைப்புகள் மெல்ல மெல்லத் தப்பாகப் பின்னிக்கொண்டிருக்கும். அதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் 4,500-க்கும் மேற்பட்ட தலைக்காய நோயாளிகளை வைத்து 1998-இல் வெளியான ஆய்வில், கடுமையான காயம்பட்டவர்களில் 100-க்கு 10 பேருக்கு 5 ஆண்டுக்குள் வலிப்பு வந்திருந்தது. 30 ஆண்டுக்கு நீட்டிப் பார்த்தால் அது சுமார் 17. குண்டும் சிதறலும் மூளைக்குள் பாய்ந்த வியட்நாம் போர் வீரர்களில் பாதிப் பேருக்கு மேல் வலிப்பு வந்தது.

இதைத் தடுக்க மருந்து உண்டா என்று ஓட்டுநரின் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. 1990-இல் ஃபெனிட்டாய்ன் என்ற வலிப்புத் தடுப்பு மருந்தைத் தலைக்காயம்பட்ட 404 பேரிடம் சோதித்தார்கள். முதல் வாரத்து வலிப்பு வெகுவாகக் குறைந்தது. அதற்குப் பின் வருவது குறையவே இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை, காயத்துக்கும் வலிப்புக்கும் நடுவே புகுந்து அந்தப் பின்னலை நிறுத்தும் மருந்து என்று நிரூபணமான ஒன்று நம் கையில் இல்லை. வந்தபின் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். அந்த மனிதரிடம் இனி வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஓட்டுநரிடம் அதைச் சொல்வது, வருமானம் போயிற்று என்று சொல்வதுதான்.

ஏன் இத்தனை வருடமாக மருந்து இல்லை? நான் பார்த்தவரையில் பெரிய காரணம், இந்த நோயின் கடிகாரமும் ஆய்வு நிதியின் கடிகாரமும் ஒத்துப்போகாததுதான். ஃபின்லாந்தின் குவோபியோ நகரில் அஸ்லா பிட்கானெனின் குழு எலிகளை வைத்து இதைப் படித்தது. தலையில் காயம் ஏற்படுத்திய எலிகளை வீடியோவும் ஈ.ஈ.ஜி.யுமாக (மூளையின் மின் அலைப் பதிவு) ஒரு வருடம் வரை கவனித்தபின், ஏறக்குறைய பாதி எலிகளுக்குத்தான் வலிப்பு வந்தது. மனிதர்களிடம் இன்னும் கடினம். 10 பேரில் 9 பேருக்கு வராத நோயைத் தடுக்கச் சோதனை நடத்த வேண்டுமென்றால் ஏராளமானவர்களை வருடக்கணக்கில் தொடர வேண்டும். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே காட்டும் அடையாளம் ரத்தத்திலோ ஸ்கேனிலோ ஈ.ஈ.ஜி.யிலோ கிடைத்தால்தான் வழி பிறக்கும். அதைத் தேடும் இளம் ஆய்வாளருக்கோ கையில் இருப்பது இரண்டு வருடம். நம் நாட்டில் மத்திய அரசின் செர்ப் அமைப்பு (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) தந்துவந்த தொடக்கநிலை ஆய்வு நிதி 2 ஆண்டுக்குத்தான்.

எங்கள் நரம்பியல் துறையில் டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு படித்த ஒரு பெண் இதைத்தான் எடுத்துக்கொண்டார். அடிபட்ட முதல் வாரத்தில் ஈ.ஈ.ஜி. எடுத்து, பிறகு போனில் தொடர்வது திட்டம். நீளமான கணக்கு நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி. ஆறு மாதத்தில் பாதி வரிகளுக்கு எதிரே சிவப்பு மையில் "எண் உபயோகத்தில் இல்லை" என்று எழுதியிருந்தார். ஆய்வேட்டைக் கொடுக்கும் தேதி வந்தபோது நோய் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. இன்று அவர் வேறு துறையில் இருக்கிறார். அவருக்கு கைடு நான்தான். வலிப்புக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த எனக்கு, நோயாளியை மூன்று வருடம் கைவிடாமல் தொடர்வது எப்படி என்று சொல்லித்தரத் தெரியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வலிப்பு நோய் ஆய்வுத் திட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. போர்க்களத் தலைக்காயங்களை மனதில் வைத்து 2015-இல் தொடங்கிய திட்டம் அது. பிறகு அதற்குள்ளேயே காயத்தால் வரும் வலிப்புக்கென்று, கட்டடமில்லாத ஓர் இணையவழி ஆய்வு மையத்தை உருவாக்கினார்கள். வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் தனித்தனியாக இருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு நிதி. அவர்களை ஒன்று சேர்த்து வளர்க்கும் மூத்தவர்களுக்குத் தனியாக ஒரு நிதி. வழிகாட்டுவதையும் சம்பளம் உள்ள வேலையாக மதித்த அந்த ஒரு விஷயம்தான் என் கண்ணில் பட்டது. நம்மிடம் கைடு என்பவர் ஓ.பி. முடித்து, ரவுண்ட்ஸ் முடித்து, மிச்சமிருக்கும் அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போடுபவர்.

இங்கே வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். மத்திய அரசும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸின் இளநிலை ஃபெல்லோஷிப் 5 ஆண்டுக்கானது, மருத்துவர்களும் விண்ணப்பிக்கலாம். இந்த நோய்க்கு ஏற்ற நீளம் அதுதான். செர்ப்பின் இடத்தில் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பிரதமர் பெயரிலான இளம் ஆய்வாளர் நிதி 3 ஆண்டுக்கு. நோயாளிகளுக்கும் பஞ்சமில்லை, 2022-இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான், 64,000-க்கு மேல். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அதில் பிழைத்துப் போகிறவர்களை அடுத்த 5 வருடம் தொடர ஒரு பதிவேடு இருந்தால், ஓர் இளம் மருத்துவர் ஆய்வைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இதை எல்லாக் கூட்டங்களிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது எங்களிடம் இன்னொரு இளைஞர் அதே கேள்வியோடு வந்திருக்கிறார். சரி, இந்த முறை அடிபட்டவரின் எண்ணோடு மனைவியின் எண், அம்மாவின் எண், தெருமுனைக் கடைக்காரரின் எண் எல்லாம் வாங்கச் சொன்னேன். பல வருடத் தொடர் ஆய்வு செய்த ஒருவரை வெளியூரிலிருந்து இரண்டாவது வழிகாட்டியாகப் பிடித்துக் கொடுத்தேன். நிதி விண்ணப்பத்தை நானும் அந்த இளைஞருமாக இரவு உட்கார்ந்து எழுதுகிறோம்.

உங்கள் வீட்டில் தலைக்காயத்துக்குச் சிகிச்சை பெற்றவர் இருந்தால், அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப்போடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "கை உதறுச்சா, பேசிட்டிருக்கும்போதே வெறிச்சுப் பார்த்தாரா, நினைவு தப்புச்சா?" என்று கேட்டால், ராங் நம்பர் என்று வைத்துவிடாமல் கொஞ்சம் பேசுங்கள்.